டயரின் உள்பக்கம்

கத்தரிக்காய் வாங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பளபளவென்று இருக்கிறதே என்று அப்படியே கூடையில் போட்டுக் கொள்வீர்களா? ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குவீர்கள்? அந்த ஜாக்கிரதையை வாசலில் நிற்கும் காரின் டயரிடமும் காட்ட வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்த கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் அக்கா பிள்ளை சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினான். வாங்கிய சில மாதங்களிலேயே அது உயரமாக இருக்கிறது என்று அவனுக்கு ஒரு குறை. ஒரு பட்டறையில் விட்டு, இருந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டுக் கொண்டு வந்தான். வண்டி ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது.

"பாருங்க சித்தி, இப்பத்தான் வண்டிக்கு ஒரு கம்பீரமே வந்திருக்கு!" என்றான்.

"ஏண்டா, கம்பீரம்னா நிமிர்ந்து நிக்கணும். இது பதுங்குதே!" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு, திருச்சியில் அவன் தங்கைக்குச் சீமந்தம் நடந்தது. முடிந்ததும் அவளைப் பிறந்தகத்துக்கு அழைத்துக் கொண்டு அந்தக் காரிலேயே சென்னைக்குப் புறப்பட்டோம். முன்னால் அவனும் அத்திம்பேரும். பின்னால் நானும் அக்காவும், நடுவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண். நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏற, டயர்களிலிருந்து 'உம்'மென்று ஓர் இரைச்சல் எழுந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காப்பிக்காக நிறுத்தியபோது, காற்றுப் பிடிக்கலாம் என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போனான்.

கடைக்காரப் பெரியவர் காற்றுக் குழாயை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொன்னார். முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

வெளிப்பக்கம் புது டயர் போலப் பட்டை பட்டையாக வரிகள். உள்ளோரத்தில் வரியே இல்லை. ரப்பர் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி நூல்கள் பல்லை இளித்தன. மற்ற முன் சக்கரமும் அதே கோலம்!

"தம்பி, வண்டியை இறக்கினப்புறம் வீல் அலைன்மெண்ட் பார்த்தீங்களா?"

"புது வண்டிதானே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

"வண்டி புதுசுதான். சக்கரம் நிக்கிற கோணம் பழசு இல்லையே!"

இன்னும் கொஞ்ச தூரம் அந்த வேகத்தில் போயிருந்தால் டயர் வெடித்திருக்கலாம். அக்கா பேச்சே இல்லாமல் பெண்ணின் கையைப் பிடித்துக் கொண்டாள். வாடகைக் கார் பிடித்து விழுப்புரம் போய், ரெயிலில் ஊர் வந்து சேர்ந்தோம். பிள்ளை அங்கேயே தங்கி, இரண்டு டயர் வாங்கிப் போட்டுக் கொண்டு மெதுவாக வந்தான்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் டயர் ஏன் தேய வேண்டும் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

சக்கரத்தைக் கீழிருந்து ஓர் இரும்புக் கை பிடித்துக் கொண்டிருக்கிறது. வண்டி இறங்கும்போது இந்தக் கையின் சாய்வு மாறுகிறது. அதனால் சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்கிறது. இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். காலை ஒருக்களித்து நடப்பவரின் செருப்பு ஒரு பக்கமே தேய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

இதை விடப் பொல்லாதது டோ என்பது. மேலேயிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். பாதங்களை வெளிப்பக்கமாகவோ உள்பக்கமாகவோ திருப்பி வைத்துக் கொண்டு நேரே நடந்து பாருங்கள். பாதம் தரையில் உராயும். சக்கரத்தைத் திருப்பும் டை ராட் என்ற கம்பி வேறு, அதைத் தாங்கும் கை வேறு. வண்டி இறங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி நகர்வதில்லை. அதனால் சக்கரம் பார்க்கும் திசையே சற்றுத் திரும்பிவிடுகிறது.

சற்றுத்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தூரத்துக்குத் தேங்காய்த் துருவலில் தேய்ப்பது போல் ரப்பர் தேய்கிறது!

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ மாப்பிள்ளையோ காரை இறக்கியிருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, எஞ்சினை அணைக்கு முன் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். முன் டயரின் உள்ளோரம் வெளியே தெரியும். முதலில் கண்ணால் பாருங்கள். கம்பி தெரிந்தால் தொடாதீர்கள். இல்லையென்றால் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும், திருப்பித் தடவினால் ரம்பம் போலவும் இருந்தால், டோ சரியில்லை. உள்ளோரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பரையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

வரிகளின் பள்ளத்துக்குள்ளே சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது. மழைத் தண்ணீரை ஒதுக்குவது அந்தப் பள்ளங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பட்டறைக்குப் போனால் இன்னொரு விஷயம். "பாலன்ஸிங் பண்ணியாச்சு" என்பார்கள். அது சக்கரத்தில் சின்ன எடைகள் வைத்து உதறலைப் போக்குவது, அலைன்மெண்ட் வேறு. முன்னும் பின்னும் இருந்த அளவுகளை அச்சடித்த தாளில் கேட்டு வாங்குங்கள். அநேகச் சிறிய கார்களில் டோவைத்தான் திருகிச் சரி செய்ய முடியும். கேம்பருக்குத் தனி போல்ட் தேவைப்படலாம். புது ஸ்பிரிங் போட்ட உடனே ஒரு முறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு மறு முறையும் பார்ப்பது நல்லது. பழைய ஸ்பிரிங்கின் சுருளை வெட்டிக் குட்டையாக்குகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. ஆகவே, கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நல்ல வேளையாக, அக்கா பழைய ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பரணில் வைத்திருந்தாள். பிள்ளை தானே ஏறி எடுத்துக் கொண்டு போனான். அவை ஏறின பிறகும் அலைன்மெண்ட் பார்த்து, அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தான்.

குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம், தாயும் சேயும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். அதே கார்தான். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு அக்காவை மட்டும் காணோம். எட்டிப் பார்த்தால், பட்டுப் புடவையோடு முன் சக்கரத்துக்கு அருகே குனிந்து, டயரின் உள்பக்கத்தைத் தடவிக் கொண்டிருந்தாள்!

உங்கள் கையும் ஒரு முறை கறுக்கட்டுமே. சோப்புப் போட்டால் போய்விடும்.