பிளாத்திக்குப் போத்தலும் பீங்கான் குடுவையும்

பிளாத்திக்குப் போத்தலைக் கையிலெடுப்போருள், அதன் உள்ளே வெறுமை எவ்வாறு உண்டாயிற்று என எண்ணுவோர் சிலரே. உருகிய பிளாத்திக்கைக் குழாயாகப் பிதுக்கி, இரு பாதியான அச்சினுள் அடைத்துக் காற்றை ஊதுகின்றனர். குழாய் பருத்து அச்சின் சுவரிற் படிந்து, குளிர்ந்து இறுகுகிறது. சில விநாடிகளிற் போத்தல் ஆயத்தமாகிவிடும். இவ்விரைவைப் பீங்கானுக்கும் பெறலாமா என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் வினா.

பீங்கானிற் பூச்சாடி செய்யும் பழைய முறை பொறுமையை வேண்டுவது. களிக்குழம்பைப் பாரிசுச் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் சுவரிற் களி படலமாய்ப் படியும். போதிய தடிப்பு வந்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிடுவர். ஈரமேறிய அச்சு உலர்ந்த பின்னரே மீண்டும் உதவும்.

பிளாத்திக்கு வெப்பத்தில் இளகும். பீங்கான் தூளோ அவ்வாறு இளகாது. ஆகவே, அலுமினா போன்ற நுண்ணிய தூளை மெழுகுடனோ பிளாத்திக்குடனோ சூடாகப் பிசைந்து, அக்கலவையை அழுத்தத்துடன் அச்சிற் செலுத்துகின்றனர். மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக்கிலுள்ள வெள்ளைக் காப்பு, நடுவே துளையுள்ள பீங்கானே. அமெரிக்காவில் அத்தொழிலைச் சேர்ந்த கார்ல் சுவார்ட்ஸ்வால்டர், இம்முறை பற்றி 1949இல் எழுதினார். இலங்கையிற் பிறந்த மொகான் எதிரிசிங்க, இங்கிலாந்தின் புறூணல் பல்கலைக்கழகத்தில் எவான்சுடன் சேர்ந்து 1980களில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பீங்கான் கலவையைப் போத்தல் போல ஊதி உருவாக்குதலும் பின்னர் பரீட்சிக்கப்பட்டது. ஆயினும், கனவளவிற் பாதி தூளாகவுள்ள கலவை பிளாத்திக்கைப் போல எளிதில் நீளாது. மிகையாக ஊதினாற் கிழிந்துவிடும்.

இதனினும் பெரிய இடர் அச்சிலிருந்து எடுத்த பின்னரே தோன்றுகிறது. பிளாத்திக்குப் போத்தலுக்கு அத்துடன் வேலை முடிந்தது. பீங்கானிலோ, உருவம் கொடுத்த மெழுகை முழுதும் அகற்றவேண்டும். விரைந்து சூடாக்கினால், உள்ளே எழும் வாயு வெளியேற வழியின்றிப் பொருளை ஊதச்செய்து வெடிப்பித்துவிடும். சுவர் இருமடங்கு தடித்தால், மெழுகு நீங்கும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகலாம். இங்கேதான் உள்வெறுமை நன்மையாகிறது. மெல்லிய சுவரின் இரு புறமும் திறந்திருத்தலால் வாயு எளிதில் வெளியேறுகிறது. திண்ணிய கட்டியைவிட வாய்திறந்த குடுவையே இம்முறைக்கு இசைவானது.

பின்னர் அலுமினாவை ஏறக்குறைய 1,600 பாகை செல்சியசிற் சுடுவர். மெழுகிருந்த இடமெல்லாம் நெருங்குவதாற் பொருள் சுருங்கும். கலவையில் 55 வீதம் தூளாயின், 100 மில்லிமீற்றர் உயரமான குடுவைக்கு அச்சில் ஏறத்தாழ 122 மில்லிமீற்றர் வேண்டும்.

உலோக அச்சு விலையுயர்ந்தது. எனவே, ஆயிரக்கணக்கில் வேண்டப்படும் சிறிய, நுட்பமான பொருள்களுக்கே இம்முறை இலாபந்தரும். கைகழுவும் தொட்டி போன்ற பெரும் பொருள்களுக்குக் களிக்குழம்பே இன்றும் ஏற்றது. அங்கும் பிளாத்திக்கு வேறொரு வழியில் உதவுகிறது: சாந்து அச்சுக்குப் பதிலாக நுண்டுளைப் பிளாத்திக்கு அச்சினுட் குழம்பை அழுத்திச் செலுத்துகின்றனர்.

ஒரு தொழிலின் முறையை மற்றொன்றுக்குக் கொணரும்போது, அச்சிற் பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. சூளையிலிருந்து முழுதாய் வெளிவருமா என்பதையும் முன்னரே கணித்தல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நம் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.