‘செத்த காலேஜ்’ உயிர் பெறுமா?

எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர் ‘உயிர் காலேஜ்’. பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

பெயர் கேலியாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு பழைய கதை இருக்கிறது.

மியூசியம் 1851-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர். மியூசியத்தில் உயிருள்ள புலியும் சிறுத்தையும் வைக்கப்பட்டபோது, அவற்றைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். அதைக் கவனித்த பால்பர், 1855-ல் மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது.

உயிர் இருக்கும் இடத்தைத் தேடி ஜனங்கள் வருவார்கள். சரித்திரப் பாடத்துக்கும் இது பொருந்தும். செத்துக் கிடக்கும் கல்லுக்கும் ஓட்டுக்கும் உயிர் கொடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடங்களில் முதலாவது, தாம்பரம் பகுதிதான்.

காலடியில் கற்காலம்

அடையாற்றங்கரையில், பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் அடுத்தாற்போல் உள்ள ஊர் பொழிச்சலூர். ‘வட திருநள்ளாறு’ என்று பெயர் பெற்ற அகத்தீசுவரர் கோவில் இங்கே இருக்கிறது. பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விமானம் அதிசயம் அல்ல. அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஆனால் குனிந்து பார்த்தால் தெரியும் அதிசயத்தை அவர்களுக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா?

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர், பல்லாவரம் ராணுவ மைதானத்துக்கு அருகே சரளை தோண்டிய குழி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்புரைச் சரளைக்கு நடுவே ஒரு கல் கிடந்தது. அது தானாக உடைந்த கல் அல்ல. மனிதன் செதுக்கிய கல் என்று அவர் கண்டுகொண்டார். அதுதான் பல்லாவரம் கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் முதல் சான்று.

மனித இனம் மிகப் பழமையானது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859-ல்தான். நான்கே ஆண்டில் அதற்கு பல்லாவரம் சாட்சி சொன்னது! அதே 1863-ல், செப்டம்பர் மாதம், பூட்டும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் கூப்பிடு தூரம். ஆனால் பிள்ளைகளுக்கோ ‘பழைய கற்காலம்’ என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பூட்டின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

கண்ணாடிக்குள் இருக்கும் கல்

பூட் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். வரிசையாக நுழைந்து வரிசையாக வெளியே வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல், அவர்கள் கண்ணுக்கு ரோடு போடும் ஜல்லியாகத்தான் தெரியும். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. கைக்கோடரி, பெயருக்கேற்ப, கையால் அறிய வேண்டிய பொருள். உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால்தான், அகன்ற பக்கம் கைக்கு அடங்குவதும் கூரான பக்கம் வெட்டுவதற்குத் தயாராக நீட்டிக்கொண்டிருப்பதும் விளங்கும்.

அதற்காக மூலப் பொருளைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. கொடுக்கவும் கூடாது. நகல் போதும். உலகத்தில் பல நாடுகள் இந்த வழியில்தான் போகின்றன.

சீமையில் செய்வது என்ன?

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலோ-சாக்சன் காலம் ஒரு பாடம். ரோமானியர் ஆட்சி போன பிறகு, 1066-ல் நார்மானியர் வரும்வரை, அந்நாட்டில் வாழ்ந்த மக்களின் கதை அது. சபோக் மாவட்டத்தில் வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் 1965 முதல் 1972 வரை அகழாய்வு நடந்தது. அந்த மக்களின் கிராமம் ஒன்று வெளிப்பட்டது. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. அதே இடத்தில் மரவீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் அந்த வீடுகளுக்குள் போய் உட்காருகிறார்கள். அந்தக் காலத்து வேலைகளைச் செய்து பார்க்கிறார்கள்.

இதில் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. வீடுகள் இருந்த இடத்தில் பள்ளங்கள் காணப்பட்டன. மக்கள் பள்ளத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள் என்று முன்பு சிலர் நினைத்தார்கள். வீட்டைக் கட்டிப் பார்த்த பிறகு, பள்ளத்தின் மேல் பலகைத் தளம் போட்டு வாழ்ந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. கண் கொண்டு பார்த்தபோது எழாத கேள்வி, கை வைத்துச் செய்தபோது எழுந்தது!

இங்கே வழி இல்லையா?

இருக்கிறது. மாமல்லபுரம் போகும் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா 1996-ல் திறக்கப்பட்டது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே களிமண்ணைத் தொட்டுப் பானை வனையலாம். அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்த சர்மா பாரம்பரியக் கல்வி மையம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொல்லியல் பயிற்சிகள் நடத்தியிருக்கிறது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றமே இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் பழைய எழுத்துக்களைப் படிக்கக் கற்று, தங்கள் ஊரிலேயே பழைய ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் குறை ஒன்று உண்டு. பஸ்ஸுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் பணம் கட்டக் கூடிய பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்கிறது. ஊராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படிக் கிடைப்பதில்லை. பிள்ளை மியூசியத்துக்குப் போக முடியாவிட்டால், மியூசியம் பிள்ளையிடம் வர வேண்டும். நகல்கள் அடங்கிய ஒரு பெட்டி, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், ஒரு சனிக்கிழமை. இவ்வளவுதான் தேவை.

ஒரு சோப்புக் கட்டி போதும்

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

சோப்புக் கட்டியைக் கரண்டிக் காம்பால் செதுக்கிக் கைக்கோடரி செய்யலாம். கல்லை உடைக்கும் வேலை பெரியவர்களுடையது. அதையும் கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். ஓரிடத்தில் தவறாகத் தட்டினால் கோடரி வீணாகிவிடும் என்பது சோப்பைச் செதுக்கும் பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆதி மனிதன் மூளை இல்லாதவன் என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

மரப்பெட்டியில் மணலை மூன்று அடுக்காகக் கொட்டி, அடுக்குக்கு அடுக்கு வேறு வேறு பொருளைப் புதைக்கலாம். குப்பைத் தொட்டியில் அடியில் கிடப்பது முந்தாநாள் குப்பை; மேலே கிடப்பது இன்றைய குப்பை. அகழாய்வின் அடிப்படை விதியும் அதுதான். பிரஷ்ஷால் மணலைத் தள்ளும் பிள்ளை, ‘எது பழசு?’ என்று தானே கண்டுபிடிக்கும்.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. பொழிச்சலூர்ப் பிள்ளையும் தன் பெயரை அதே எழுத்தில் களிமண் தட்டில் கீறிப் பார்க்கலாம். பழைய கறுப்பு-சிவப்புப் பானை உள்ளே ஏன் கறுப்பு, வெளியே ஏன் சிவப்பு? பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்பக்கத்துக்குக் காற்றுப் போவதில்லை. அதனால் அது கறுத்துவிடுகிறது. இது சரித்திரப் பாடமா, ரசாயனப் பாடமா? இரண்டும்தான்.

நெசவு கற்பிக்கவும் தூரம் போக வேண்டாம். பக்கத்து ஊரான அனகாபுத்தூர் நெசவுக்குப் பேர்போனது. அங்கே நெய்த ‘மெட்ராஸ் கைக்குட்டை’ ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் போயிற்று. வாழை நாரிலும் துணி நெய்த ஊர் அது. ஒரு நெசவாளரைப் பள்ளிக்கு அழைத்து, உரிய கூலியும் மரியாதையும் கொடுத்தால், அவரை விடச் சிறந்த ஆசிரியர் யார்?

வேடிக்கையாகி விடக்கூடாது

ஓர் எச்சரிக்கையும் தேவை. காகிதக் கிரீடம் வைத்து, ராஜா வேஷம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது. கை வேலை செய்யும்போது வாய் கேள்வி கேட்க வேண்டும். ‘இதை எப்படி உங்களுக்குத் தெரியும்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால்தான் பயிற்சி பலித்தது என்று பொருள்.

‘பரீட்சைக்கே நேரம் போதவில்லை. இதற்கு ஏது நேரம்?’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மூன்று நாள் மனப்பாடம் செய்ததை மறந்து, மறுபடி மனப்பாடம் செய்யும் நேரத்தையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

இது பாடத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. ஜமீன் பல்லாவரத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இத்தகைய இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கியவர்களுக்கு இது பெரிய இடி. அவர்கள் கோபப்படுவதில் தவறில்லை. புதைந்திருப்பது என்ன, அது ஏன் முக்கியம் என்று அவர்களுக்குச் சொல்லாமல், தடையை மட்டும் சொன்னால் சரித்திரம் அவர்களுக்கு எதிரியாகத்தான் தோன்றும்.

மறுபக்கம், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பழைய தாழி தென்படலாம். விஷயம் தெரியாதவர் மண்ணோடு மண்ணாக அதை லாரியில் ஏற்றிவிடுவார். போனது போனதுதான். களிமண்ணில் தன் கையால் தாழி செய்து பார்த்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், ‘அப்பா, கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று சொல்லும். தானே தோண்டாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்பும்.

சரளைக் குழியில் கிடந்த கல்லைப் பூட்டுக்கு முன்பும் பலர் மிதித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள். பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் பட்டபோது அது சரித்திரம் ஆயிற்று. அந்தப் பார்வையைத் தாம்பரம் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க, கோடி ரூபாய்க் கட்டடம் வேண்டியதில்லை. முதல் சனிக்கிழமைக்கு ஒரு சோப்புக் கட்டியும், ஒரு பெட்டி மணலும், மனமுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.