பட்டினி வேண்டாம், பத்தியம் போதும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஓட்டு வீடுகளும் முற்றங்களும் நிறைந்திருந்த காலத்தில், வீட்டுப் பூனை தன் இரையைப் பெரும்பாலும் தானே தேடிக்கொண்டது. எலியைத் துரத்தியது, மதிலேறியது, கூரை தாவியது. வீட்டார் இட்ட மீன்தலையும் சோறும் அதற்கு மேல்வரும்படியே. அவ்வீடுகளில் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. மூன்றாம் மாடியில், கம்பி வலை அடித்த பால்கனிக்குள் பூனை வளர்கிறது. துரத்த எலியில்லை, ஏற மதிலில்லை, கிண்ணத்தில் மட்டும் காலை முதல் இரவு வரை தீனி குறைவதில்லை. நொச்சிக்குப்பத்தில் மீன் அரியும் பெண்களைச் சுற்றிவரும் பூனைகளைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பூனையை நோக்கினால், வேற்றுமை நன்கு விளங்கும்.

“கொழுகொழுவென்று இருப்பதுதானே அழகு?” என்று கேட்போர் உண்டு. அழகாயிருக்கலாம், நலமன்று. மிகுந்த எடையுள்ள பூனைக்கு நீரிழிவு எளிதில் வருகிறது, மூட்டுகள் நோகின்றன. முதுகை நக்கித் தூய்மை செய்துகொள்ள இயலாமல் முடி சிக்குப் பிடிக்கிறது. வாயில்லாப் பிராணியின் துன்பத்தை நாமேதான் கண்டறிய வேண்டும்.

கண்டறியும் வழி எளிது. அதன் விலாவை மெல்லத் தடவுங்கள். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்குங்கள், விலாவுக்குப் பின்னே இடை சற்றுக் குறுகித் தெரிய வேண்டும். எலும்பு அகப்படாமலும் இடை தெரியாமலும் இருந்தால் எடை மிகுந்துவிட்டது என்று கொள்க.

இனி, பெரிதும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. “நான்கு நாள் தீனியை நிறுத்தினால் இளைத்துவிடும்” என்று எண்ணுவது பேராபத்து. நமக்கு ஒருசந்தி இருப்பது ஒத்துக்கொள்ளலாம், பூனைக்கு ஒவ்வாது. கொழுத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால், உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் நிறைகிறது. அச்சுமையைத் தாங்கமாட்டாமல் கல்லீரல் செயலிழக்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாகும். உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தக்க மருத்துவம் கிட்டாவிடில் உயிரே போகும். புதிய உணவைத் திடீரென வைத்து, “பசித்தால் தின்னட்டும்” என்று விட்டுவிடுவதும் பட்டினிக்குச் சமமே. பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு முழு நாள் பூனை எதையும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பத்தியத்தைத் தொடங்குமுன்பும் மருத்துவரைக் காண்பதே முறை. 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ காட்டி, வேறு நோயில்லை என்று தெளிந்தபின் அளவு கேட்டுப் பெறுக. வாரத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு எடை குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது வாரம் 60 கிராம். ஒன்றரைக் கிலோ குறைய ஏறத்தாழ ஆறு மாதமாகும். பொறுமை தேவை.

கடையில் விற்கும் உலர்தீனி 100 கிராமில் ஏறக்குறைய 350 முதல் 400 கலோரி உள்ளது. வீட்டுக்குள்ளேயே வாழும், கருத்தடை செய்யப்பட்ட 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும்; அதாவது 50 முதல் 60 கிராம் தீனி. கைப்பிடி அளவை நம்பாமல் தராசில் நிறுத்து வையுங்கள். கருத்தடைக்குப் பின் பூனையின் உணவுத் தேவை குறையும். அதற்காகக் கருத்தடையைத் தவிர்க்க வேண்டியதில்லை. தீனியைக் குறைத்தால் போதும்.

“மீனை நிறுத்தித் தயிர்சாதம் போடலாமா?” என்பர் சிலர். கூடாது. பூனை இறைச்சியால் வாழும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. வேகவைத்த மீனோ கோழியோ சிறிது கொடுக்கலாம்; அதையும் அன்றாட அளவில் கழித்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்குமாதலால் குழம்பில் கிடந்த மீன் ஆகாது.

எடை கூடுவதற்குப் பெருங்காரணம் வீட்டிலுள்ள பல கைகள். அம்மா காலையில் வைப்பார். பாட்டி இரக்கப்பட்டுப் பால் ஊற்றுவார். பள்ளிவிட்டு வந்த பிள்ளை பிஸ்கட் போடுவான். அப்பா தம் தட்டிலிருந்து ஒரு துண்டு தள்ளுவார். ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சமே; பூனைக்குச் சென்றது நான்கு வேளை. எனவே, நாள் முழுமைக்குமான தீனியைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைய தீனி முடிந்தது.

எஞ்சியது உழைப்பு. காகிதப் பந்தை உருட்டி, நாளுக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் ஓடவிடுங்கள். துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் தீனியைப் போட்டால் தேடியெடுத்துத் தின்னும். நூலையும் கயிற்றையும் விழுங்கிவிடாமல் எடுத்து வையுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலைச் சுற்றிவந்து பூனை கத்துவதெல்லாம் பசியால் அன்று. பல வேளைகளில் அது கேட்பது நம் துணையை. அடுத்த முறை கிண்ணத்தைத் தேடாமல், அதனருகே சற்று அமர்ந்து தடவிக்கொடுத்துப் பாருங்கள்.