கூட்டமே பாடும் கதை



இந்த மாதம் உங்களுக்கு ஒரு சிபாரிசு: இசையமைப்பாளர் ஹாண்டல் 1738 அக்டோபரில், ஒரே மாதத்தில் எழுதிய ‘இஸ்ரேல் இன் ஈஜிப்ட்’. ஒரடோரியோ வகை. வேடமும் நடிப்பும் கிடையாது; பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நின்ற இடத்திலிருந்தே கதையைச் சொல்லிவிடுவார்கள். பைபிளின் யாத்திராகமத்துக் கதைதான். எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலர், எகிப்து மன்னன் பார்வோனின் பிடிவாதம், வாதைகள், செங்கடல்.

ஆனால் இதில் இஸ்ரவேலரை நடத்திச் சென்ற மோசேக்கென்று ஒரு பாடகர் இல்லை, பார்வோனுக்கும் இல்லை. வேத வசனங்களை அப்படியே எடுத்து, பெரும்பகுதியைக் கூட்டுக்குரலுக்கே கொடுத்துவிட்டார் ஹாண்டல். விடுதலையானது ஒரு ஜனம். அதை அந்த ஜனமே பாடட்டும் என்று விட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வாதைகளைக் கேளுங்கள். தவளைகளுக்கு வயலின்கள் தத்தித் தத்திக் குதிக்கின்றன. வண்டுகள் வரும்போது அதே வயலின்கள் காதருகே ரீங்கரிக்கின்றன. கல்மழை முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது. பிறகு இரண்டு பாடகர் குழுக்கள் எதிரெதிரே முழங்க, முரசும் சேர்ந்துகொள்ள, கொட்டித் தீர்க்கிறது.

அடுத்து வருவது இருள். தடவிப் பார்க்கும்படியான இருள் என்கிறது வேதம். தந்திகள் அடிக்குரலில் மெல்ல நகர்கின்றன. சேர்ந்து தொடங்கிய குரல்கள் பிரிந்துபோகின்றன. ஒரு பக்கம் ஒரு சொற்றொடர், சற்றுப் பொறுத்து வேறு பக்கம் இன்னொன்று. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாமல் கைநீட்டித் தேடுகிற மாதிரி. சுருதியும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைகிறது. அது அடங்கியதுமே தலைப்பிள்ளைகளின் சாவு, சம்மட்டி அடிகளாக இறங்குகிறது. மொத்தப் படைப்பிலும் இந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

பிறர் இசையிலிருந்து ஹாண்டல் இதில் தாராளமாகவே எடுத்திருக்கிறார். கல்மழையின் மூலமே இத்தாலியரான ஸ்ட்ராடெல்லாவின் இசை. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். எடுத்ததை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதில்தான் அவர் கைவண்ணம் இருக்கிறது.

1739 ஏப்ரல் 4 அன்று லண்டன் ஹேமார்க்கெட்டிலிருந்த கிங்ஸ் தியேட்டரில் அரங்கேறியபோது இந்தப் படைப்பு எடுபடவில்லை. நட்சத்திரப் பாடகர்களின் தனிப்பாட்டுக்காகவே வருகிற சபை அது. கூட்டுப்பாட்டு அவர்களுக்குத் திகட்டியது. வேத வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடலாமா என்ற முணுமுணுப்பு வேறு. அடுத்த வாரமே ஹாண்டல் கூட்டுப்பாட்டைக் குறைத்து, நடுநடுவே தனிப்பாடல்களைச் செருகி மேடையேற்றினார். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

காலம் அவர் பக்கம் நின்றது. 1888 ஜூன் 29 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் விழாவில் சுமார் 4000 பேர் இதைப் பாடினார்கள். எடிசனின் போனோகிராஃப் மெழுகு உருளையில் அதில் கொஞ்சம் பதிவானது. இன்று நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய இசைப்பதிவுகளில் அதுவும் ஒன்று. இரைச்சலுக்கு நடுவே மங்கலாக அந்தக் கூட்டத்தின் குரல் கேட்கிறது.

மேல்நாட்டு இசை பழக்கமில்லையே என்று தயங்க வேண்டாம். கல்மழையில் தொடங்குங்கள், இரண்டு நிமிடம்தான். பிடித்திருந்தால் இருளுக்குப் போங்கள், அதன்பின் கடைசிப் பாட்டுக்கு. அங்கே மோசேயின் சகோதரி மிரியாமின் வார்த்தைகளை ஒரு பெண் குரல் துணை வாத்தியமே இல்லாமல் எடுக்க, கரை சேர்ந்த ஜனம் மொத்தமும் பதில் பாடுகிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்