"உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி"

பிள்ளை மேடையேறி "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று மூன்று நிமிடம் மனப்பாடமாகப் பேசினால் கைதட்டுகிறோம். செல்போனில் படம் பிடித்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புகிறோம். அதே பிள்ளை ராத்திரி சாப்பிடும்போது, "நம்ம ஏரியில ஏம்ப்பா குப்பையைக் கொட்டுறாங்க? பஞ்சாயத்துல யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி" என்கிறோம். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் கெட்டிக்காரப் பிள்ளை, தானாக யோசித்துக் கேட்டால் அதிகப்பிரசங்கி. இது என்ன நியாயம்?

அரசாங்கம் குழந்தைகளை மதிப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்ள நமக்கு நன்றாக வரும். ஆனால் காகிதத்தில் அரசு கொடுத்திருக்கும் இடத்தைக்கூட நாம் எட்டிப் பார்த்ததில்லை. ஊராட்சி தோறும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமையில் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியரோடு குழந்தைகள் சார்பில் இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்று, அதை உருவாக்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமே சொன்னது. உங்கள் ஊரில் அந்த இருவர் யார்? தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மீதி இடங்களில் ஒரு பகுதிக்கு உள்ளூர்க் கல்வியாளர்களையோ அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையோ சேர்க்கலாம் என்று மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகள் சொல்கின்றன. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்குத் தெரியுமா? குழுவில் இருக்கும் பெற்றோருக்கு! மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும்தான். நம் மாநிலத்து விதி என்னவென்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? கூட்டத்துக்கே போகாதவர்கள் விதியையா படிக்கப் போகிறோம்?

"சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பீர்கள். பள்ளிக் கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? எந்தத் தெருவிளக்கு எரியாததால் டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் சுற்றுவழியில் வருகிறார்கள் என்று? காலையில் எந்தப் பேருந்து, பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது என்று? அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் போடும் திட்டத்தில் கட்டடம் இருக்கும், தண்ணீர் இருக்காது. பேருந்து இருக்கும், நேரம் பொருந்தாது.

பக்கத்துக் கர்நாடகத்தைப் பாருங்கள். 1990-களில் குந்தாப்பூர் வட்டாரத்து ஊர்களில், வேலைக்குப் போன பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 'மக்கள பஞ்சாயத்து' என்ற குழந்தைகள் ஊராட்சியை ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க உதவியது. பிள்ளைகளே தேர்தல் வைத்து, தங்கள் ஊரின் குறைகளைக் கணக்கெடுத்து, பெரியவர்களின் பஞ்சாயத்துக்கு முன் வைத்தார்கள். மழைக்காலத்தில் ஓடை தாண்டிப் பள்ளிக்குப் போகும் கஷ்டத்தைப் பெரியவர்களைவிட அவர்களால்தானே துல்லியமாகச் சொல்ல முடியும்? பிறகு, 2006 முதல், ஊராட்சிகள் ஆண்டுதோறும் குழந்தைகள் கிராம சபை நடத்த வேண்டும் என்று அந்த மாநில அரசே உத்தரவு போட்டது. எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்பதற்கென்று ஒரு நாள் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய ஓர் ஆள் இருக்கிறார்.

"எங்கள் பிள்ளையும்தான் பேரணியில் போனாள்" என்று சொல்லாதீர்கள். உச்சி வெயிலில் யாரோ எழுதிய பதாகையைப் பிடித்து நிற்பதும், அமைச்சருக்குப் பூங்கொத்து கொடுப்பதும் பங்கேற்பு ஆகாது. குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய ரோஜர் ஹார்ட், ஏவி விடுவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு உட்கார வைப்பது என்ற கீழ்ப்படி மூன்றையும் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கினார். நாம் படம் பிடித்து அனுப்புவதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள் அடக்கம்.

பயமும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வாய் நீளும், மார்க் குறையும், அரசியல் தொற்றிக்கொள்ளும் என்ற பயம். இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, பிள்ளை சொன்னபடி ஆடச் சொல்லவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லட்டும், அதற்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுங்கள் என்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு பெரியவர்களிடம்தான் இருக்கிறது. காது கொடுக்கும் கடமை கூடுதலாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். அரசியலைப் பற்றிக் கவலையா? 1989 முதல் 18 வயதில் ஓட்டு. பதினேழு வயது வரை "வாயை மூடு" என்று வளர்த்துவிட்டு, பதினெட்டில் வாக்காளர் அட்டையை நீட்டுவது, பரீட்சையன்று காலையில் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்குச் சமம். பிறகு, இளைஞர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று டீக்கடையில் அலுத்துக்கொள்ள நமக்கு என்ன தகுதி?

தமிழ்நாட்டில் குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. நகரத்தில் பகுதி சபைகள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்குத் தீர்மானத்தில் பங்கு கிடையாது. ஆனால் அவள் கேள்வியைச் சபைக்குக் கொண்டுபோக உங்களுக்குத் தடையேதும் இல்லை. அடுத்த சபைக்கு முந்தின நாள் டிவியை அணைத்துவிட்டு, "நம்ம ஊர்ல எதை முதல்ல சரி பண்ணணும்?" என்று கேளுங்கள். திருத்தாமல், அவள் வார்த்தையிலேயே மனுவாக எழுதுங்கள். அவளையும் கூட்டிப் போங்கள். தலைவரிடம் கேட்டு இரண்டு நிமிடம் பேச வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள்.

இதில் பலரும் கோட்டை விடும் வேலை ஒன்று உண்டு. கேட்டது என்ன ஆயிற்று என்று அவளிடம் திரும்பி வந்து சொல்வது. நடந்திருந்தால் சொல்லுங்கள். நடக்காவிட்டால் யார் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்கு அவள் கேட்கும் அடுத்த கேள்விக்கு, தயவுசெய்து, "போய்ப் படி" என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.