ஓதிக்கொடுப்போரிடையே ஒற்றுமை

பிள்ளைகள் மார்க்கத்தை ஆசிரியரின் நாவிலிருந்து மட்டும் கற்பதில்லை. அவருடைய நடத்தையிலிருந்தும் கற்கின்றனர். ஒரு மதரஸாவில் இருவர் சேர்ந்து ஓதிக்கொடுக்கையில், அவ்விருவரும் ஒருவரோடொருவர் பழகும் முறையும் ஒரு பாடமாகிவிடுகின்றது.

மடுகரையைப் போன்ற சிற்றூர்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் படிப்புக்கிடையே ஓதவரும் நேரம் மிகக் குறுகியது. அச்சிறு பொழுதையும் உஸ்தாதுகளின் மனக்கசப்பு விழுங்கிவிடின் நஷ்டம் யாருக்கு?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜுக்கு முன்னர், முஆத் இப்னு ஜபல் (ரலி), அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) ஆகிய இருவரையும் யமன் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மக்களுக்கு மார்க்கத்தை எளிதாக்க வேண்டும், கடினமாக்கலாகாது. நற்செய்தி கூற வேண்டும், வெறுப்பூட்டலாகாது என்று பணித்ததோடு நில்லாமல், இருவரும் இணங்கி நடக்க வேண்டும், பிணங்கலாகாது என்றும் வலியுறுத்தினார்கள்.

ஹலால், ஹராம் பற்றிய அறிவில் சிறந்தவர் முஆத் (ரலி). குர்ஆன் ஓதும் குரலினிமையில் சிறந்தவர் அபூமூஸா (ரலி). இருவருக்கும் தனித்தனிப் பகுதிகள். எனினும் ஒருவர் மற்றவரின் எல்லையை நெருங்கும்போது, தேடிச் சென்று ஸலாம் கூறி உறவைப் புதுப்பித்துக்கொள்வார் என்று ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். குர்ஆனை எவ்வாறு ஓதுகின்றீர் என்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டனர். அபூமூஸா (ரலி) பகலிலும் இரவிலும் சிறுகச் சிறுக ஓதுபவர். முஆத் (ரலி) முன்னிரவில் உறங்கிப் பின்னர் எழுந்து ஓதுபவர். முறை வேறாயினும் ஒருவர் மற்றவரைக் குறைகூறவில்லை.

இவ்வுண்மையை இச்சிறியேன் காலங்கடந்தே உணர்ந்தேன். இளமையில் ஓரூரில் ஓதிக்கொடுத்தபோது, உடன் பணியாற்றிய முதியவரின் ‘ளாத்’ உச்சரிப்பைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே திருத்தினேன். மறுநாள் பிள்ளைகள் அவர் ஓதுவதைப் போல் ஓதிக்காட்டி நகைத்தனர். நான் திருத்தியது ஓர் எழுத்தை. தகர்த்தது ஓர் ஆசானின் மதிப்பை. தனியே சென்று மன்னிப்புக் கேட்டேன். அவரோ, “வாருங்கள் தம்பி, சேர்ந்தே ஓதிப் பார்ப்போம்” என்று அருகில் அமர்த்திக்கொண்டார்.

மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தம் பணியில் கூட்டாக்குமாறு இறைவனிடம் வேண்டியதை ‘தாஹா’ அத்தியாயம் கூறுகின்றது. சமூகம் கன்றை வணங்கியபோது அதே சகோதரரிடம் சினங்கொண்டார்கள். சமூகம் பிளவுபட்டுவிடுமோ என அஞ்சியதை ஹாரூன் (அலை) எடுத்துரைத்தார்கள். காரணம் அறிந்ததும் மூஸா (அலை) தமக்கும் தம் சகோதரருக்கும் சேர்த்தே பாவமன்னிப்புக் கோரியதை ‘அஃராஃப்’ அத்தியாயத்தில் காண்கிறோம்.

ஆகவே உஸ்தாதுகளே! பிழை கண்டால் தனிமையில் கூறுங்கள். ஒருவர் விட்ட பாடத்தை மற்றவர் தொடரும் வண்ணம் பொதுக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். வாரம் ஒருமுறை அமர்ந்து கலந்து பேசுங்கள். பெற்றோர்களே! ஒருவரைப் பற்றிய குறையை மற்றவரிடம் கொண்டுசெல்லாதீர்கள். ஜமாஅத்தார்களே! ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் மதரஸாக்களில் அறிவையும் அன்பையும் ஒருங்கே வளரச் செய்வானாக! ஆமீன்.