கலீபாவின் முத்திரையும் கூலிக்காரன் கணக்கும்

தாடிக்கொம்பில் தோழர்களோடு அமர்ந்திருந்தோம். பேச்சு ஊர்க் கதையிலிருந்து உலகக் கதைக்குப் போயிற்று. ஓர் இளைஞர் கேட்டார்: "கலீபாக்கள் ஆண்டது பொற்காலம் என்கிறான் ஒருவன். வாளும் இரத்தமும் தவிர வேறில்லை என்கிறான் இன்னொருவன். எதை நம்புவது, தோழர்?"

நல்ல கேள்வி! ஆனால் அந்த இருவருமே அரியணையைத்தான் பார்க்கிறார்கள். அரியணையைச் சுமந்தவனைப் பார்க்கவில்லை. நாம் பார்ப்போம்.

பாக்தாத் நகரை 762-இல் எழுப்பியவர் கலீபா மன்சூர். அவருடைய கொள்ளுப்பேரன் மாமூன் காலத்தில் அங்கே அறிஞர்கள் கூடினார்கள். கிரேக்க நூல்கள் அரபியில் ஏறின. இந்தியாவில் பிறந்த எண் முறையைக் குவாரிஸ்மி என்ற கணித மேதை விளக்கி எழுதினார். அந்த எண்கள் ஐரோப்பா சென்று "அரபு எண்கள்" என்று பெயர் வாங்கின. இன்று நம் கூலிச் சீட்டில் இருக்கும் எண்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இதை மறுப்பவன் வரலாற்றைக் கண்மூடிப் படிப்பவன்.

பொற்காலம்தான்! யாருக்கு? அதே ஆட்சியில், பஸ்ராவை ஒட்டிய சதுப்பு நிலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உப்புப் பூத்த மேல்மண்ணை வெட்டிச் சுமந்தார்கள். 869-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 871-இல் பஸ்ராவையே பிடித்தார்கள். அங்கே அவர்களும் இரத்தம் சிந்தினார்கள். அதை நாம் மறைக்கமாட்டோம். 14 ஆண்டுகள் பேரரசு திணறியது. 883-இல்தான் ஒடுக்க முடிந்தது. எழுந்தவர்களின் தலைவன் இஸ்லாத்தின் பெயரால் பேசினான். ஒடுக்க வந்த படையும் அதே பெயரால்தான் வந்தது. ஆக, சண்டை எதற்கு? மதத்துக்கா? முதுகில் ஏறிய மண்ணுக்கா?

நம் ஊருக்கு வருவோம். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார் ஐதர் அலி. எந்தக் கலீபாவும் அனுப்பி வரவில்லை. மைசூர் அரசின் படைத்தலைவராக வந்தார். பின்னாளில், கணவனையும் நாட்டையும் இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு விருப்பாட்சி கோபால நாயக்கர் இடம் கொடுத்தார்; ஐதர் படை கொடுத்தார். 1780-இல் சிவகங்கை மீண்டது. அந்த மூவரையும் சேர்த்து வைத்தது எது? எதிரே நின்ற வெள்ளையன்!

ஐதரின் மகன் திப்பு 1786-இல் துருக்கி சுல்தானிடம் பெரும் தூதுக்குழுவை அனுப்பினார். கலீபா என்று உரிமை கொண்டாடியவர் அந்தச் சுல்தான். வெள்ளையனுக்கு எதிராகப் படை உதவி கேட்டார் திப்பு. படை வரவில்லை. 1798-இல் சுல்தான் மூன்றாம் சலீம் எழுதிய கடிதம்தான் வந்தது. "பிரெஞ்சுக்காரரோடு சேராதே" என்பது அதன் சாரம். அதைத் திப்புவிடம் சேர்த்தவர்கள் யார்? ஆங்கிலேயர்கள்! 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு மாண்டார். இஸ்தான்புல்லின் முத்திரை அவரைக் காக்கவில்லை. 1924-இல் துருக்கி நாடாளுமன்றமே கலீபா பதவியை ஒழித்துவிட்டது.

தோழர்களே! சௌந்தரராசப் பெருமாள் கோயில் சிலைகளைக் காண வருகிறவர்கள், கட்டிய மன்னன் யார் என்று கேட்கிறார்கள். உளி பிடித்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. பஸ்ராவில் மண் சுமந்தவனுக்கும் இதே கதிதான்.

பழைய கலீபாக்களின் பெயரைச் சொல்லி, பூட்டுப் பட்டறையில் பக்கத்தில் நிற்பவனை அந்நியன் என்று ஒருவன் காட்டுவான். அதே பெயரைச் சொல்லி, தோல் பதனிடும் இடத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒன்று என்று இன்னொருவன் ஓதுவான். இருவரிடமும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "ஆயிரம் ஆண்டுக் கணக்கைப் பிறகு பார்க்கலாம், ஐயா! முதலில் இந்த வாரக் கூலிக் கணக்கைத் தீருங்கள்!"